சின்ன மாற்றத்தை லைவ்வில் போடுவதற்கு முன்: கொழும்பில் மென்பொருள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

மென்பொருள் கம்பனியில் சேர்ந்த முதல் கிழமைகளில் உங்களுக்குப் பெரிய வேலை தரமாட்டார்கள். ஒரு பட்டனில் உள்ள சொல்லை மாற்ற வேண்டும், ஒரு வீதத்தைத் திருத்த வேண்டும், குறுஞ்செய்தி ஒன்றைத் தமிழிலும் அனுப்ப வேண்டும், இப்படித்தான் தொடங்கும். கோட் எழுத அரை மணி நேரம் போதும். அதை யார் பார்க்க வேண்டும், எங்கே சோதிக்க வேண்டும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எந்த நாளில் லைவ்வில் (வாடிக்கையாளர் உண்மையில் பயன்படுத்தும் சேர்வரில்) போட வேண்டும் என்பதை மட்டும் யாரும் வரிசையாகச் சொல்லித் தருவதில்லை. நான் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் மேசை மேசையாகப் போய்க் கேட்டுத்தான் பிடித்தேன். ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவோம். 2024 ஜனவரி 1ஆம் திகதி இலங்கையில் வற் (பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. பில் போடும் மென்பொருளில் 15 என்று இருப்பதை 18 ஆக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியது ஒரே ஒரு எண்.

1. எழுத்தில் இல்லாத வேலையைத் தொடங்காதீர்கள்

தேநீர் நேரத்தில் மெனேஜர் வந்து "அந்த வற்றை ஒருக்கா மாத்திவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார். மேசைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை டிக்கெட்டாக (வேலைப் பதிவாக) எழுதுங்கள். "இன்று கதைத்தபடி" என்று தொடங்கி மூன்று விடயங்கள் எழுதினால் போதும்: இப்போது என்ன நடக்கிறது, இனி என்ன நடக்க வேண்டும், எது மாறவே கூடாது.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் உதாரணத்தில் அதுதான் முழு வேலையும். டிசம்பரில் விற்ற பொருளின் பில்லை ஜனவரியில் மறுபடி அச்சடித்தால் அதில் 15 தான் வர வேண்டும். டிசம்பரில் வாங்கியதை வாடிக்கையாளர் ஜனவரியில் திருப்பிக் கொடுத்தால் 15 சதவீதத்தில்தான் கழிக்க வேண்டும். ஆக, எண்ணை மாற்றுவது வேலையே அல்ல. எந்தத் திகதியிலிருந்து எந்த வீதம் என்று மென்பொருளுக்குத் தெரிய வைப்பதுதான் வேலை. இதை முதல் நாளே கேட்டுவிட்டால் ஐந்து நிமிடக் கதை. லைவ்வில் போட்ட பிறகு தெரிந்தால், தவறாக அச்சடித்த பில்களைக் கணக்குப் பிரிவு ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டி வரும்.

2. மாற்றம் எதுவரை எட்டும் என்று தேடுங்கள்

எத்தனை வரி கோட் என்பதை வைத்து ஒரு மாற்றம் சின்னதா பெரிதா என்று முடிவு செய்யாதீர்கள். அதை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். மாற்றப்போகும் பங்ஷனின் பெயரை, கோட் வைத்திருக்கும் முழுக் களஞ்சியத்திலும் தேடுங்கள். அப்புறம் கோட்டுக்கு வெளியேயும் தேட வேண்டும்: மாத இறுதி அறிக்கை, கணக்குப் பிரிவுக்குப் போகும் எக்செல் கோப்பு, இரவில் தானாக ஓடும் வேலைகள், வாடிக்கையாளரின் மொபைல் ஆப். மொபைல் ஆப்பைக் குறிப்பாகச் சொல்கிறேன். சேர்வரை நீங்கள் நினைத்த நேரம் மாற்றலாம். மக்களின் தொலைபேசியில் உள்ள பழைய பதிப்பு இன்னும் பல மாதம் அங்கேயே இருக்கும், அதுவும் உங்கள் சேர்வரோடுதான் கதைக்கும்.

"கோட்டைத் தொடவில்லை, செட்டிங்தான் மாற்றினேன்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். 2024 யூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பியது பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு உள்ளமைவுப் புதுப்பிப்பு மட்டும்தான். மென்பொருளின் கோட் மாறவில்லை. ஆனாலும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன, விமானங்கள் இரத்தாயின. அதனால் செட்டிங் மாற்றத்துக்கும் டிக்கெட், ரிவியூ (இன்னொருவர் வாசித்துப் பார்ப்பது), ஸ்டேஜிங் (லைவ்வைப் போன்ற சோதனைச் சேர்வரில் பார்ப்பது) மூன்றும் வேண்டும். வெளியாரின் லைப்ரரி ஒன்றின் பதிப்பை உயர்த்துவதும் இதே வகைதான்.

3. உங்கள் கணினியிலேயே சோதிக்கும்போது

பழைய டெஸ்ட்கள் எல்லாவற்றையும் முதலில், மாற்றம் செய்வதற்கு முன்பே, ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எது ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் பிறகு உங்கள் தலையில் விழாது. அடுத்து, உங்கள் மாற்றத்துக்கு ஒரு டெஸ்ட் எழுதுங்கள். மாற்றத்தை எடுத்துவிட்டால் அது தோற்கிறதா என்றும் பாருங்கள். எப்போதும் பச்சையாகவே இருக்கும் டெஸ்ட் எதையும் சோதிப்பதில்லை.

எல்லைகளில்தான் பிழை இருக்கும். வற் உதாரணத்தில் டிசம்பர் 31 இரவு 11.59 ஒரு எல்லை, ஜனவரி 1 அதிகாலை 12.00 மற்றொன்று. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சேர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். கொழும்பில் நள்ளிரவு 12 மணியிலிருந்து அதிகாலை 5.30 வரை சேர்வருக்கு இன்னும் நேற்றைய திகதிதான். அந்த இடைவெளியில் போடும் பில்லுக்கு எந்த வீதம் வருகிறது என்று கட்டாயம் பாருங்கள். பகலில் ஒஃபிஸில் இருந்து சோதித்தால் இது கண்ணிலேயே படாது.

நம் ஊர்த் தரவுகளை வைத்துச் சோதிப்பது அடுத்தது. வெளிநாட்டு உதாரணங்களைப் பார்த்து எழுதிய டெஸ்ட்கள் இவற்றைத் தொடுவதே இல்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இரண்டு வடிவில் வரும். பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும். புதியது பன்னிரண்டு இலக்கம். இரண்டையும் போட்டுப் பாருங்கள், எழுத்தைச் சின்ன எழுத்தாகவும் போட்டுப் பாருங்கள். அதிலிருந்து பிறந்த திகதியை எடுப்பதென்றால், பெண்களின் இலக்கத்தில் நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். தன் ஒருவருடைய அட்டையை மட்டும் வைத்துச் சோதிக்கும் ஆண் டெவலப்பருக்கு இது தெரியாமலே போகும்.

பெயரில், குடும்பப் பெயர் கட்டாயம் என்று ஒரு பெட்டி வைத்தால் நம்மவர்களில் பாதிப்பேர் திண்டாடுவார்கள். தந்தையின் முதலெழுத்தும் ஒரே ஒரு பெயரும் உள்ளவரைப் பதிவு செய்து பாருங்கள். முப்பது நாற்பது எழுத்து நீளமான பெயரையும் போடுங்கள். தொலைபேசி இலக்கத்தை 07 என்று தொடங்கியும் +94 என்று தொடங்கியும் கொடுங்கள். எக்செல் வழியாக வந்த இலக்கத்தில் முன்னாலுள்ள சைபர் காணாமல் போயிருக்கும், அதையும் கொடுங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையில்) ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. "கொழும்பு" என்று தேடினால் எல்லாப் பதிவும் வருகிறதா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் அனுப்பும் கோப்பு பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருந்தால், ஆப்பில் ஒட்டியவுடன் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் கேட்டு வாங்குங்கள். குழுவில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் தமிழ்த் திரைகள் எல்லாம் உங்களிடம்தான் வரும். எக்செல் தாளில் வாசித்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். விலை குறைந்த, சின்னத் திரையுள்ள தொலைபேசியில் ஓட்டிப் பாருங்கள். "சமர்ப்பிக்கவும்" என்ற சொல் பட்டனுக்குள் அடங்குகிறதா என்று அங்கேதான் தெரியும்.

4. பணம் எங்கே கூடும் என்று பாருங்கள்

குறுஞ்செய்தி மாற்றத்தில் இதை மறக்கவே கூடாது. ஆங்கில எழுத்து மட்டும் உள்ள குறுஞ்செய்தியில் 160 எழுத்து கொள்ளும். தமிழோ சிங்களமோ வந்தால் அது 70 ஆகக் குறையும். அதைத் தாண்டினால் 67, 67 ஆக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. 150 குறி நீளமான தமிழ்ச் செய்தி மூன்று துண்டு. எண்ணும்போது கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. "கொழும்பு" என்ற நாலெழுத்துச் சொல் குறைந்தது எட்டுக் குறி. ஆங்கிலச் செய்தியிலும் ஆபத்து இருக்கிறது: வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறி ஒன்று கூடவே வந்துவிட்டால், முழுச் செய்தியும் யூனிகோடாகி, 140 எழுத்து ஆங்கிலச் செய்தியும் மூன்று துண்டாகப் போகும். மாதம் ஒரு இலட்சம் செய்தி அனுப்பும் வாடிக்கையாளரின் பில் மும்மடங்காவதற்கு ஒரு மேற்கோள் குறி போதும். எண்ணிக்கையை டிக்கெட்டில் எழுதி, வாடிக்கையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

தானியங்கி டெஸ்ட்களுக்கும் செலவு உண்டு. கோட் வைக்கும் தளமான கிட்ஹப்பின் இலவசத் திட்டத்தில் தனியார் களஞ்சியங்களுக்கு, இப்படி டெஸ்ட் ஓட்ட மாதம் 2000 நிமிடம் கிடைக்கும். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் இருபது நிமிட டெஸ்ட் ஓடினால், நூறு தடவையில் அது தீர்ந்துவிடும். ஸ்டேஜிங் சேர்வர் இரவும் வார இறுதியும் வேலையில்லாமல் ஓடினாலும் டொலரில் பில் வரும். அதை இரவில் நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். புதியவர் இதைக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

5. ரிவியூவுக்கு அனுப்பும்போது என்னென்ன சேர்க்க வேண்டும்

புல் ரிக்குவெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறப்பதற்கு முன் உங்கள் டிஃப்பை, அதாவது மாறிய வரிகளை, நீங்களே ஒரு தடவை, வேறொருவருடைய கோட்டை வாசிப்பது போல வாசியுங்கள். மறந்துபோன பிரிண்ட் வரி, உங்கள் கணினியின் கடவுச்சொல், தேவையில்லாமல் மாறிய இடைவெளிகள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கடவுச்சொல் ஒருமுறை களஞ்சியத்துக்குப் போய்விட்டால், அடுத்த கமிட்டில் (சேமிப்பில்) அழித்தாலும் பழைய வரலாற்றில் இருக்கும். உடனே பொறுப்பானவரிடம் சொல்லி அந்தக் கடவுச்சொல்லையே மாற்றச் சொல்லுங்கள்.

விளக்கத்தில் இவை வேண்டும்: டிக்கெட் இலக்கம், ஏன் இந்த மாற்றம், எப்படிச் சோதித்தீர்கள், முன்னும் பின்னும் எடுத்த ஸ்கிரீன்ஷொட், டேட்டாபேஸ் மாறுகிறதா, பிரச்சினை வந்தால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது. கொழும்பில் பெரும்பாலும் இதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டி வரும். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் ஒரு வாக்கியத்தில் ஒரு விடயம் என்று எழுதுங்கள். நீண்ட, அலங்கார வாக்கியம் யாருக்கும் தேவையில்லை.

ஒரு வேலைக்கு ஒரு புல் ரிக்குவெஸ்ட். வற் மாற்றத்தோடு, வழியில் கண்ட பழைய பங்ஷனையும் அழகாக்கி அனுப்பாதீர்கள். கூகிள் தன் பொறியாளர்களுக்கு எழுதி, பொதுவில் வைத்திருக்கும் வழிகாட்டலில் ஒரு மாற்றத்துக்கு 100 வரி பொருத்தமான அளவு என்றும் 1000 வரி பெரும்பாலும் மிக அதிகம் என்றும் சொல்கிறது. அதே வழிகாட்டல், ரிவியூ கேட்டவருக்குக் கூடினால் ஒரு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. அந்த ஒரு நாளை உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ரிவியூ கேட்டு, ஆறு மணிக்கு லைவ்வில் போட நினைப்பது இரண்டு பேருக்கும் அநியாயம்.

6. நீங்கள் ரிவியூ செய்யும்போது

சேர்ந்து சில மாதத்தில் உங்களிடமும் கேட்பார்கள், சிலவேளை உங்களைவிடப் பத்து வருடம் மூத்த அண்ணாவின் கோட்டையே தருவார்கள். மரியாதைக்காக "சரி" போட்டுவிடாதீர்கள். பிராஞ்சை (அந்த மாற்றம் உள்ள கோட் பிரதியை) உங்கள் கணினியில் இறக்கி, ஓட்டிப் பாருங்கள். விளங்காத இடத்தில் "அண்ணா, இந்த இடத்தில் திகதி வெறுமையாக வந்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டால் போதும். கேள்வி கோட்டைப் பற்றியது, அவரைப் பற்றியது அல்ல. நல்ல மூத்தவர்கள் அப்படிப்பட்ட கேள்வியை விரும்புவார்கள். விளங்கவில்லை என்பதே ஒரு நல்ல ரிவியூக் குறிப்பு. அடுத்த வருடம் அந்தக் கோட்டைத் திருத்தப்போகிறவருக்கும் விளங்காது.

சிவப்பில் இருக்கும் வரிகளை, அதாவது நீக்கப்பட்டவற்றை, முதலில் வாசியுங்கள். புதிய கோட்டை எல்லோரும் பார்ப்பார்கள். நீக்கிய சோதனை ஒன்று எதற்காக அங்கே இருந்தது என்று கேட்பவர் குறைவு.

7. ஸ்டேஜிங்கில்

ஸ்டேஜிங் என்பது லைவ்வைப் போலவே அமைத்த, வாடிக்கையாளரின் மக்கள் வராத சேர்வர். "போலவே" என்பதை நீங்களே உறுதி செய்யுங்கள்: டேட்டாபேஸ் பதிப்பு ஒன்றுதானா, நேர வலயம் ஒன்றுதானா, குறுஞ்செய்தியும் கட்டணமும் சோதனைக் கணக்குக்குப் போகின்றனவா. கடைசியானதை முதலில் பாருங்கள். ஸ்டேஜிங்கில் இருந்து உண்மையான ஆளுக்கு "உங்கள் கணக்கில் பணம் கழிக்கப்பட்டது" என்று செய்தி போனால் அது உண்மையான பிரச்சினை.

லைவ் தரவை அப்படியே ஸ்டேஜிங்குக்கு நகலெடுக்கச் சொன்னால் நின்று கேளுங்கள். பெயர், அடையாள அட்டை, தொலைபேசி எல்லாம் மறைத்திருக்க வேண்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய வாடிக்கையாளர் என்றால் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதில் உச்சத் தண்டப்பணம் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 4 சதவீதம், எது கூடவோ அது.

டேட்டாபேஸ் மாறினால் அந்த மாற்றத்தை லைவ் அளவுக்கு நிகரான தரவின் மேல் ஓட்டி, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறித்து வையுங்கள். நூறு பதிவில் கண் இமைக்கும் நேரத்தில் முடிவது, ஒரு கோடிப் பதிவில் டேபிளைப் பூட்டி வைத்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் சாதாரண முறையில் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) உருவாக்கினால், அது முடியும் வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது. கன்கரண்ட்லி என்ற சொல்லைச் சேர்த்து உருவாக்கினால் எழுதலாம், நேரம் மட்டும் கூடும். டேபிளில் உள்ள பத்தியின் (கொலத்தின்) பெயரை மாற்றுவதையோ பத்தியை நீக்குவதையோ ஒரே தடவையில் செய்யவே கூடாது. புதிய பத்தியைச் சேருங்கள், கோட்டை அதற்கு மாற்றுங்கள், பழையதை இன்னொரு வெளியீட்டில் நீக்குங்கள். கோட்டை முந்திய பதிப்புக்குத் திருப்பலாம். நீக்கிய பத்தியில் இருந்த தரவு அதோடு திரும்பி வராது.

திரும்பும் வழியையும் இங்கேயே ஒரு தடவை செய்து பாருங்கள். புதிய பதிப்பைப் போட்டு, சில பில்களை உருவாக்கி, பழைய பதிப்புக்குத் திருப்பி, அந்தப் பில்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

8. ஒப்புதலும் நாளும்

வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் ஸ்டேஜிங்கில் பார்த்துச் சரி என்று மின்னஞ்சலில் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் குறி வந்தால், அதைக் குறிப்பிட்டு நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, டிக்கெட்டில் இணைத்து வையுங்கள். அவர்களுக்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் கொடுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது போயாவைப் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் நமக்கு விடுமுறை; இலண்டனிலும் சிட்னியிலும் இருப்பவருக்கு அது தெரியாது. போயாவுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாட்கள், வாடிக்கையாளரின் மாத இறுதி, இவற்றை விட்டுவிடுங்கள். செவ்வாய் அல்லது புதன் காலை பத்து மணி நல்ல நேரம். அப்போது இலண்டனில் கோடையில் அதிகாலை 5.30, குளிர்காலத்தில் 4.30. அவர்களின் பயனர்கள் தூக்கத்தில் இருப்பார்கள், நம் ஆட்கள் எல்லோரும் மேசையில் இருப்பார்கள். சிட்னிக்கு அதே நேரம் பிற்பகல் 2.30 அல்லது 3.30, வேலை உச்சத்தில் இருக்கும். அங்கே வேறு நேரம் பேசித் தீர்மானியுங்கள்.

9. லைவ்வில் போடும் நாள்

ஸ்டேஜிங்கில் சோதித்த அதே பதிப்பைத்தான் போட வேண்டும். "இன்னும் ஒரு சின்னத் திருத்தம்" என்று இடையில் சேர்த்தால் மறுபடி ஸ்டேஜிங்கிலிருந்து தொடங்குங்கள். பேக்கப் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதாது. கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். வீட்டிலிருந்து செய்வதென்றால், மின்சாரம் போனாலும் வேலை செய்யும் இணைப்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

முடிந்தால் முதலில் ஒரு கிளைக்கு அல்லது சில பயனர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். போட்டவுடன் நீங்களே உள்ளே போய் ஒரு பில் போட்டுப் பாருங்கள். அடுத்த ஒரு மணி நேரம் எழுந்து போகாமல் பிழை லொக்கையும் பில் எண்ணிக்கையையும் பாருங்கள். பிழை எதுவும் வராமல் இருந்து, வழக்கமாக வரும் பில்களும் வராமல் இருந்தால் அதுவும் ஆபத்துத்தான். இத்தனை பிழை வந்தால் அல்லது இத்தனை நிமிடம் பில் போட முடியாவிட்டால் திருப்பிவிடுவோம் என்ற எல்லையை முதல் நாளே எழுதி வையுங்கள். நெருக்கடியில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க முடியாது, எல்லோரும் "இன்னும் ஐந்து நிமிடம்" என்றுதான் சொல்வார்கள். எல்லை தாண்டினால் முதலில் திருப்புங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

10. பிறகு

டிக்கெட்டை அன்றே மூடாதீர்கள். வற் மாற்றமென்றால் முதல் மாத இறுதி அறிக்கை சரியாக வந்த பிறகுதான் வேலை முடிகிறது. அதுவரை திறந்தே இருக்கட்டும். மாற்றத்தை ஆன் ஓஃப் செய்ய ஒரு ஃபிளாக் (கோட்டில் உள்ள சுவிட்ச்) வைத்திருந்தால், அதை நீக்குவதற்குத் திகதி போட்டு, உங்கள் பெயரிலேயே புதிய டிக்கெட் திறந்துவிடுங்கள். உதவிப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர்களுக்கு, என்ன மாறியது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். "பில்லில் வேறு தொகை வருகிறதே" என்று வாடிக்கையாளர் முதலில் கூப்பிடுவது அவர்களைத்தான்.